எல்லாக் கடைக்கும் பில் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்

ஹட்டனில் ஒரு ஹார்ட்வெயார் கடை, பண்டாரவளையில் ஒரு பார்மசி, நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர். மூன்று பேரும் நீங்கள் எழுதிய ஒரே பில் போடும் செயலியைத்தான் பாவிக்கிறார்கள், மூன்று பேருடைய கணக்கும் ஒரே டேட்டாபேஸில் ஒரே அட்டவணையில்தான் கிடக்கிறது. மல்டி டெனன்ட் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். முதல் வாரம் நன்றாக ஓடும். அப்புறம் ஹார்ட்வெயார் முதலாளி போன் எடுப்பார்: "தம்பி, நேற்று கடைசி பில் 412, இன்றைக்கு முதல் பில் 467 என்று வருகிறதே, நடுவில் 54 பில் எங்கே?" அந்த 54உம் பண்டாரவளைக்கும் நுவரெலியாவுக்கும் போயிருக்கிறது, ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் கேட்பது நியாயம். பில் புத்தகம் வைத்து வியாபாரம் செய்தவருக்கு இலக்கம் விடுபட்டால் யாரோ தாளைக் கிழித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், கணக்குப் பார்க்க வருகிறவரும் அதைத்தான் முதலில் கேட்பார். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த வியாபாரம் என்றால் இன்னும் இறுக்கம்: 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க பெறுமதி சேர் வரிச் சட்டத்தின்படி வரி விலைப்பட்டியலில் திகதியோடு தொடர் இலக்கமும் இருக்க வேண்டும். அந்தத் தொடர் விற்கிறவருடையது. உங்கள் சர்வருக்குள் எந்த வரிசையில் என்ன பதிவாகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பல பேர் யோசிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தொடர் என்றால், இன்று காலை ஒரு பில், நாளை காலை ஒரு பில் போட்டு இரண்டையும் கழித்துப் பார்க்கிற எந்த வாடிக்கையாளருக்கும் உங்கள் செயலியில் ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை பில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். உங்களோடு போட்டி போடுகிற நிறுவனமும் ஒரு கணக்கைத் திறந்து இதையே செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கைப்பற்றிய ஜெர்மன் யுத்த தாங்கிகளில் அடித்திருந்த தொடர் இலக்கங்களை வைத்து 1942 ஆகஸ்ட் மாத உற்பத்தி 327 என்று கணித்தார்கள். உளவுத்துறை சொன்னது 1,550, போர் முடிந்த பின் ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342. வெளியே தெரிகிற தொடர் இலக்கம் அவ்வளவு பேசும்.

மலையகத்தில் இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு தொடர் என்பது ஒன்றும் புதிய விஷயம் இல்லை. வீட்டில் அம்மாவுடைய ஈ.பி.எப். அட்டையை எடுத்துப் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த ஊழியர் சேமலாப நிதியில் ஒரு ஆளை அடையாளம் காண இரண்டு இலக்கம் வேண்டும், ஒன்று தொழில்தருநருடையது, மற்றது அந்தத் தொழில்தருநர் தன் ஆட்களுக்கு வரிசையாகக் கொடுக்கிற அங்கத்தவர் இலக்கம். 214ஆம் இலக்க அங்கத்தவர் இந்தத் தோட்டத்திலும் இருப்பார், பக்கத்துத் தோட்டத்திலும் இருப்பார், கொழும்பில் ஒரு புடவைக்கடையிலும் இருப்பார். தொழில்தருநர் இலக்கத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அது யார் என்று தெரியும்.

தேயிலை ஏலம் இன்னும் அழகான உதாரணம். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்குப் போகிற ஒவ்வொரு தேயிலைத் தொகுதிக்கும் ஃபெக்டரி தன் மார்க்கின் கீழ் தானே ஒரு இன்வாய்ஸ் இலக்கம் போட்டு அனுப்பும். தரகர் அதை வாங்கி ஏலப் பட்டியலில் ஏற்றும்போது தன் பங்குக்கு லொட் இலக்கம் ஒன்று கொடுப்பார். லொட் இலக்கம் பட்டியல் முழுக்க ஒரே வரிசை, எந்த ஃபெக்டரி என்று அது பார்ப்பதில்லை. இன்வாய்ஸ் இலக்கம் அந்தந்த ஃபெக்டரிக்குச் சொந்தம், ஒரே பட்டியலில் வேறு வேறு மார்க்கின் கீழ் ஒரே இன்வாய்ஸ் இலக்கம் வந்தாலும் யாரும் குழம்புவதில்லை. இரண்டு இலக்கம், இரண்டு வேலை, ஒன்றின் வேலையை மற்றது செய்யப் போவதில்லை.

நம் டேட்டாபேஸிலும் அதைத்தான் செய்ய வேண்டும். உள்ளே ஒரு ஐடி, எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவாக ஓடுவது, மற்ற அட்டவணைகள் பிடித்துக்கொள்வதற்கு. அது தொடர் எண்ணாகவும் இருக்கலாம், யூயூஐடியாகவும் (வேறு எதனோடும் மோதாத நீண்ட அடையாள இலக்கம்) இருக்கலாம், கடைக்காரர் கண்ணில் படவே தேவையில்லை. அதற்குப் பக்கத்தில் பில் இலக்கம் என்று தனி நிரல் (கொலம்). கடை ஐடியும் பில் இலக்கமும் சேர்ந்து ஒரே தடவைதான் வரலாம் என்று ஒரு யுனீக் கட்டுப்பாட்டை முதல் நாளே டேட்டாபேஸிலேயே போட்டுவிடுங்கள், செயலி எழுதுகிறவர் கவனமாக இருப்பார் என்று நம்பி விடாதீர்கள். செயலி எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை வைக்கிற கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு ரெப்போவிலும் (திட்டத்திலும்) இஷ்யூ என்கிற பிழைக் குறிப்பு ஒன்றிலிருந்து தொடங்குவதும் இந்த மாதிரிதான்.

சரி, அந்த இலக்கத்தை எங்கிருந்து எடுப்பது? முதலில் கை போகிற வழி, அந்தக் கடையின் ஆகப் பெரிய பில் இலக்கத்தைத் தேடி ஒன்றைக் கூட்டுவது. மேக்ஸ் கூட்டல் ஒன்று. தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இது பிழையே விடாது, அதனால்தான் இது ஆபத்து.

தீபாவளிக்கு முதல் வாரம், அதே ஹட்டன் கடை, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆட்களால் நிரம்பியிருக்கிறது, இரண்டு கவுண்டரும் ஓடுகிறது. முதல் கவுண்டரில் இரண்டு வாளி பெயின்ட்டுக்கு பில் போட்டு சேவ் அழுத்துகிறார்கள், செயலி போய் ஆகப் பெரிய இலக்கம் 812 என்று வாசிக்கிறது. அது 813ஐ எழுதி கமிட் பண்ணுவதற்குள் (நிரந்தரமாகப் பதிவதற்குள்) இரண்டாவது கவுண்டரில் பத்து தகரத்துக்கு சேவ் அழுத்துகிறார்கள். முதல் டிரான்ஸாக்‌ஷன் (முழுதாகப் பதிவாகிற அல்லது எதுவுமே பதிவாகாத ஒரு தொகுதி வேலை) இன்னும் கமிட் ஆகாததால் அது எழுதியது இரண்டாவதுக்குத் தெரியாது, அதற்கும் 812தான் தெரிகிறது, அதுவும் 813ஐ எழுதுகிறது. சில மில்லி செக்கன் இடைவெளி. இரண்டு பேர் 813 என்ற பில்லோடு கடையை விட்டு இறங்குகிறார்கள். டிரான்ஸாக்‌ஷனுக்குள் போட்டேனே என்று சொல்வதில் பயன் இல்லை, கமிட் ஆனதை மட்டும் வாசிக்கிற ரீட் கமிட்டட் நிலையில் டிரான்ஸாக்‌ஷன் இதைத் தடுக்காது. வாசிக்கும்போதே பூட்டுகிறேன் என்றால், போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மேக்ஸோடு ஃபார் அப்டேட் (வாசிக்கிற வரியைப் பூட்டுகிற கட்டளை) போட விடாது. வேறு வழியில் பூட்டினாலும் புதுக் கடையின் முதல் பில்லுக்கு முன்னால் பூட்டுவதற்கு அட்டவணையில் வரியே இல்லை.

மேலே சொன்ன யுனீக் கட்டுப்பாடு இருந்தால் இரண்டாவது ஆளுக்கு எரர் வரும், செயலி பிடித்து மறுபடி முயன்று 814 எடுக்கும். சின்ன அளவில் அது ஓடும், நான் அதைக் கேவலமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மேக்ஸ் முறையில் இன்னொரு ஓட்டை உண்டு. கடைசி பில்லை யாராவது அழித்தால் அடுத்த பில் அதே இலக்கத்தில் வரும், அழிக்கப்பட்ட 813இன் தாள் ஒரு வாடிக்கையாளர் கையில் இருக்க, இன்னொருவருக்குப் புது 813 போகும்.

அப்படியானால் டேட்டாபேஸே தருகிற, அடுத்தடுத்த இலக்கத்தைக் கொடுக்கிற சீக்வென்ஸை ஒவ்வொரு கடைக்கும் ஒன்று உண்டாக்கினால் என்ன? இரட்டை வராது, வேகமும் அதிகம். ஆனால் போஸ்ட்கிரஸில் சீக்வென்ஸிலிருந்து எடுத்த இலக்கம் டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆனாலும் (நடுவில் கைவிடப்பட்டுப் பழைய நிலைக்குத் திரும்பினாலும்) திரும்பிப் போகாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்: இலக்கத்தைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பே வேண்டாம் என்பதற்குத்தான் சீக்வென்ஸ். சர்வர் சடுதியாக நின்றால் ஒரு தடவையில் 32 இலக்கம் வரைக்கும் தாவலாம், ஏனென்றால் அது அவ்வளவை முன்கூட்டியே தன் லாக்கில் (பதிவேட்டில்) குறித்துவிடுகிறது. மைக்ரோசொஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் தானாக இலக்கம் போடுகிற ஐடென்டிட்டி நிரல் 2012 பதிப்பிலிருந்து திடீர் ரீஸ்டார்ட்டில் 1,000 தாவுவது பிரசித்தம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 8.0 பதிப்புக்கு முன்னால் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சின் தன் எண்ணியை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது, ரீஸ்டார்ட் ஆனதும் அட்டவணையில் இருக்கிற ஆகப் பெரியதைத் தேடி அங்கிருந்து தொடரும், அழித்த இலக்கம் திரும்பி வர அதுவும் ஒரு வழி. அதன் பழைய மைஐஎஸ்ஏஎம் எஞ்சினில் கடை ஐடியை முதல் நிரலாகவும் தானாகக் கூடுகிற ஆட்டோ இன்க்ரிமென்ட்டை இரண்டாவதாகவும் வைத்து கீ போட்டால் கடைக்குக் கடை தனித் தொடர் தானாகவே வரும், நமக்கு வேண்டியது அச்சு அசலாக அதுதான், ஆனால் மைஐஎஸ்ஏஎம்மில் டிரான்ஸாக்‌ஷனே கிடையாது, பண விவகாரத்துக்கு அதைத் தொடக்கூடாது.

நான் எல்லாருக்கும் சொல்வது எண்ணி அட்டவணை. புதுமை ஒன்றும் இல்லை, பழைய முறை, சலிப்பான முறை, ஆனால் உறுதியானது. கடை, ஆவண வகை, கடைசி இலக்கம் என்று மூன்று நிரல் உள்ள ஒரு சின்ன அட்டவணை. ஹட்டன் கடைக்கு ஒரு வரி: கடை 17, விலைப்பட்டியல், 812. பில் போடுகிற டிரான்ஸாக்‌ஷனுக்குள்ளேயே அந்த வரியின் கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டச் சொல்லி ஒரே ஒரு அப்டேட் கொடுங்கள், ரிட்டர்னிங் போட்டுப் புது இலக்கத்தை அதே கட்டளையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாசித்து, கூட்டி, எழுதி என்று மூன்று படி கிடையாது, ஒரே படி. மைஎஸ்கியூஎல்லில் அப்டேட்டுக்கு ரிட்டர்னிங் இல்லை, கூட்டிய மதிப்பை லாஸ்ட் இன்சர்ட் ஐடி செயற்கூறுக்குள் போட்டு எழுதி, பிறகு அதே இணைப்பில் கேட்டால் வரும். கடைக்கு இன்னும் வரியே இல்லை என்றால் இன்சர்ட், இருந்தால் அப்டேட் என்கிற அப்செர்ட் வடிவத்தில் எழுதினால் முதல் பில்லும் சரியாகிவிடும்.

இப்போது அதே இரண்டு கவுண்டரை ஓடவிடுங்கள். முதல் கவுண்டரின் அப்டேட் அந்த வரியைப் பூட்டுகிறது, 813 கிடைக்கிறது. இரண்டாவது கவுண்டர் அதே வரியைத் தொடப் போய் அப்படியே நிற்கிறது. முதலாவது கமிட் ஆனதும் இரண்டாவது விழித்து, வரியை மறுபடி பார்த்து, 814 எடுக்கிறது. முதலாவது ஏதோ காரணத்தால் ரோல்பேக் ஆகியிருந்தால் எண்ணியும் 812க்கே திரும்பியிருக்கும், இரண்டாவது ஆளுக்கு 813 போகும், விடுபடாது. முக்கியமானது, இத்தனையும் நடக்கும்போது பண்டாரவளை பார்மசி ஒரு நொடி கூடக் காத்திருக்கவில்லை, அவர்களுடைய வரி வேறு.

பழைய பில் புத்தகத்தில் 18,340 வரை எழுதிவிட்டு உங்களிடம் வருகிற கடைக்காரர் 18,341இலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்பார், கட்டாயம் கேட்பார். எண்ணி வரியில் 18,340 என்று எழுதினால் வேலை முடிந்தது.

இதற்கு விலை உண்டு. வரி பூட்டப்பட்டிருப்பது கமிட் ஆகும்வரை, ஆகவே இலக்கம் எடுப்பதை டிரான்ஸாக்‌ஷனின் கடைசிப் பக்கத்தில் வையுங்கள். விலை கணக்கிட்டு, ஸ்டாக் சரிபார்த்து, எல்லாம் முடிந்த பிறகு இலக்கம், உடனே பில் வரி, உடனே கமிட். இலக்கத்தை எடுத்துவிட்டு வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பப் போய், அந்தப் பக்கம் இரண்டு செக்கன் பதில் வராமல் இருந்தால், கடையில் மற்ற கவுண்டர் எல்லாம் அந்த இரண்டு செக்கனும் உறைந்து நிற்கும். பூட்டு பத்து மில்லி செக்கன் மட்டும் இருக்கிறதென்றால் ஒரு கடைக்கு ஒரு செக்கனில் நூறு பில் வரை போகலாம், மலைநாட்டில் அப்படி வியாபாரம் ஓடுகிற கடையை நான் பார்த்ததில்லை. அப்புறம், ஒரே டிரான்ஸாக்‌ஷனில் பில்லுக்கும் பற்றுச்சீட்டுக்கும் இரண்டு எண்ணியைத் தொட வேண்டி வந்தால் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் தொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு டெட்லொக்கில் நிற்பார்கள்.

ரெடிஸ் என்ற தனிச் சேமிப்பகத்தில் எண்ணை ஒன்று கூட்டுகிற இன்க்ர் கட்டளையைப் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது இரட்டை தராது, உண்மைதான், ஆனால் டேட்டாபேஸ் டிரான்ஸாக்‌ஷனுக்கு வெளியே நிற்கிறது. ரோல்பேக் ஆனால் இலக்கம் போய்விடும், ரெடிஸைப் பழைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து (பிரதியிலிருந்து) எழுப்பினால் கொடுத்த இலக்கத்தையே மறுபடி கொடுக்கும்.

இடைவெளி வரவே கூடாது என்பது எல்லாப் பதிவுக்கும் தேவையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு, கிரெடிட் நோட் போன்றவற்றுக்குத் தேவை. வாடிக்கையாளர் பட்டியல், முறைப்பாட்டு டிக்கெட், ஓர்டர் குறிப்பு இவற்றில் 57க்குப் பிறகு 59 வந்தால் உலகம் இடிந்துவிடாது. எதற்கும் எண்ணி அட்டவணையையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இடைவெளி இல்லை என்ற வாக்குறுதியை எல்லாவற்றுக்கும் கொடுத்தால் பிறகு ஒரு நாள் அது உங்களைக் கட்டிப்போடும்.

வாக்குறுதி கொடுத்த இடத்தில் அதைக் காப்பாற்றுவது எண்ணியால் மட்டும் முடியாது. பில்லை அழிக்கிற பொத்தானையே எடுத்துவிடுங்கள். ரத்து என்று ஒரு நிலை, வரி அங்கேயே இருக்கும், இலக்கம் அங்கேயே இருக்கும், யார் எப்போது ரத்து செய்தார் என்பதும் இருக்கும். அரைகுறையாக எழுதி வைக்கிற டிராஃப்டுக்கு இலக்கம் கொடுக்காதீர்கள், உறுதி செய்கிற நேரத்தில்தான் இலக்கம். இலக்கத்தை முழு எண்ணாகவே சேமியுங்கள், முன்னால் போடுகிற எழுத்தும் பூச்சியங்களும் திரையிலும் தாளிலும் காட்டும்போது சேரட்டும், எழுத்தாகச் சேமித்தால் வரிசைப்படுத்தும்போது 10 வந்து 9க்கு முன்னால் நிற்கும். இந்தியப் பக்கமும் விற்பதாக இருந்தால், அங்கே ஜிஎஸ்டி விதி 46இன்படி விலைப்பட்டியல் இலக்கம் 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, முன்னொட்டை நீட்டி முழக்காதீர்கள்.

வருடத்துக்கு வருடம் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள் சிலர். எண்ணியின் கீயில் ஆண்டையும் சேர்த்தால் போதும், நள்ளிரவில் ஓடி எண்ணியைப் பூச்சியமாக்குகிற ஜொப் எதுவும் வேண்டாம். யுனீக் கட்டுப்பாட்டிலும் ஆண்டு வர வேண்டும். எந்த ஆண்டு என்பதையும் கேளுங்கள், நம் நாட்டு வரி மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. சர்வர் பெரும்பாலும் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஐந்து மணிக்குத் திறக்கிற பேக்கரியின் புது ஆண்டின் முதல் பாண் பில், சர்வரைக் கேட்டால் பழைய ஆண்டில்தான் விழும்.

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி சிக்னல். ராகலைக்கோ வெலிமடைக்கோ உள்ளே சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து எடுக்கப் போகிற லொறியில் டெப்லட் இருக்கிறது, பாதி வழியில் சிக்னல் இல்லை. ஆனால் கொழுந்து நிறுத்த கையோடு அந்த ஆளுக்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். எண்ணி சர்வரில் இருக்கிறது, கேட்க வழி இல்லை. பழைய காலத்தில் ஒவ்வொரு லொறிக்கும் இலக்கம் அடித்த தனி ரசீதுப் புத்தகம் கொடுத்து அனுப்பியதுதான் இதற்கும் விடை: தொடரை ஃபெக்டரிக்குக் கீழே இன்னொரு படி இறக்கி லொறிக்கு ஒன்றாக்குங்கள். லொறி 3இன் 127ஆம் ரசீது. அந்தத் தொடரை அந்த ஒரு டெப்லட் மட்டும் எழுதும், இடையில் யாரும் புகுவதில்லை, ஆகவே பூட்டும் வேண்டாம். டெப்லட் தண்ணீரில் விழுந்து புதிது கொடுத்தால் புதுத் தொடர் கொடுங்கள், பழையதைத் தொடர விடாதீர்கள், சர்வருக்கு வந்து சேராத ரசீதுகள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாது.

சிக்னல் அரைகுறையாக இருக்கும்போது இன்னொன்று நடக்கும். சேவ் அழுத்துவார்கள், சுற்றிக்கொண்டே இருக்கும், மறுபடி அழுத்துவார்கள், இரண்டு பில் விழும். திரை திறக்கும்போதே அந்தப் பக்கத்தில் ஒரு யூயூஐடி உண்டாக்கி பில்லோடு அனுப்புங்கள், கடையும் அந்த ஐடியும் சேர்ந்து ஒரு தடவைதான் என்று இன்னொரு யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது தடவை வந்தது மோதி ரோல்பேக் ஆகும், எண்ணியும் அதோடு திரும்பும், முதலில் போட்ட பில்லையே எடுத்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு கடையிலும் 42ஆம் பில் இருக்கிறது என்பதால், இணைய முகவரியில் 42 என்று வந்தால் தேடும்போது கடை ஐடி கட்டாயம் சேர வேண்டும், அந்தக் கடை ஐடி உள்நுழைந்த ஆளுடைய செஷனிலிருந்து வர வேண்டும், முகவரியிலிருந்து இல்லை. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுதான். போஸ்ட்கிரஸ் பாவிப்பவர்கள் 9.5 பதிப்பிலிருந்து இருக்கிற, எந்த வரியை யார் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே தடுக்கிற ரோ லெவல் செக்யூரிட்டியையும் மேலதிகமாகப் போட்டுக்கொள்ளலாம், ஒருவர் மறந்தாலும் பார்மசியின் பில் ஹார்ட்வெயார் கடையில் திறக்காது.

கடைசியாகச் சோதனை. கையால் அழுத்திப் பார்த்து இதில் எதையும் பிடிக்க முடியாது. ஒரே கடை ஐடிக்கு ஐம்பது த்ரெட்டை (இணையாக ஓடுகிற வேலையை) ஒரே நேரத்தில் ஏவி, அதில் பாதியை இலக்கம் எடுத்த பிறகு வேண்டுமென்றே ரோல்பேக் பண்ண வைத்து, முடிந்ததும் பில் வரிகளை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கிய கடையில் வரிகளின் எண்ணிக்கையும் ஆகப் பெரிய இலக்கமும் எண்ணி வரியில் இருப்பதும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் எண்ணி வரியே இல்லாத புத்தம்புதுக் கடையில் அதே ஐம்பதையும் மறுபடி ஏவுங்கள், மேக்ஸ் முறையை எங்கேயாவது மறைவில் விட்டு வைத்திருந்தால் அது அந்த முதல் பில்லில்தான் மாட்டும்.